தெர்மோகோலை ஒரு நிமிடத்தில் தின்கிற பாக்டீரியா: வாங்கலாமா?

கேள்வி, மே 4

பாலக்காட்டுச் சித்தூர் பக்கம் விவசாயக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். ஒரு ஸ்டாலில் ஜாடி நிறைய ஏதோ திரவம். தெர்மோகோல் டம்ளரை அதில் போட்டார்கள், ஒரு நிமிடத்துக்குள் ஆளே இல்லை. "பிளாஸ்டிக் தின்னும் பாக்டீரியா, ஜப்பான் கண்டுபிடிப்பு" என்கிறார்கள். லிட்டர் கணக்கில் விற்பனை. என் தோட்டத்தில் பழைய மல்ச்சிங் ஷீட் (களை வராமல் பாத்தியில் விரிக்கும் பிளாஸ்டிக்) குவிந்து கிடக்கிறது. வாங்கித் தெளிக்கலாமா?

மே 4, இரவு

வாங்காதீர்கள். எந்தப் பாக்டீரியாவும் ஒரு நிமிடத்தில் ஒரு டம்ளரைத் தின்னாது. இட்லி மாவு புளிக்கவே ஒரு ராத்திரி வேண்டும்.

தெர்மோகோல் என்பது ஊதிப் பெருக்கிய பாலிஸ்டைரின். அதில் 95 சதவீதத்துக்கு மேல் வெறும் காற்று. அசிட்டோனிலோ பெட்ரோலிலோ போட்டால் சுவர் இளகி, காற்று வெளியேறி, பொசுக்கென்று அமுங்கிவிடும். பிளாஸ்டிக் எங்கும் போகவில்லை, திரவத்துக்குள்தான் இருக்கிறது. கல்லூரியில் வேதியியல் படித்தபோது நாங்களே இதைச் செய்து ஜூனியர்களை மிரட்டியிருக்கிறோம்.

அந்த ஜாடியில் என்ன வாசனை வந்தது என்று நினைவிருக்கிறதா?

மே 5

"கமலா ஆரஞ்சு மாதிரி இருந்தது, அதனால் இயற்கைப் பொருள் என்று நம்பினேன்" என்று பதில் போட்டிருக்கிறார். அப்படியானால் அநேகமாக லிமோனீன். ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் இருப்பது. இயற்கைப் பொருள்தான், ஆனால் அதில் உயிர் ஒன்றும் இல்லை. தெர்மோகோலை லிமோனீனில் கரைத்து, அளவைச் சுருக்கி, மறுசுழற்சிக்கு அனுப்பும் வேலையை ஜப்பானில் சோனி நிறுவனம் உண்மையாகவே செய்தது. ஆக "ஜப்பான்" என்பது மட்டும் முழுப் பொய் இல்லை, பாக்டீரியாதான் இடையில் நுழைந்துவிட்டது.

வீட்டில் சோதிக்க ஆசை என்றால், டம்ளர் கரைந்த திரவத்தில் ஒரு கரண்டி எடுத்து எவர்சில்வர் தட்டில் ஊற்றிக் காற்றில் காயவிடுங்கள். பக்கத்தில் அடுப்பு கூடாது. பிசுபிசுப்பாக ஒரு படலம் மிஞ்சும். அதுதான் உங்கள் டம்ளர்.

மே 6

ஜப்பான் பேச்சு வந்துவிட்டது, அசல் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒசாகா பக்கம் சகாய் என்று ஒரு ஊர். அங்கே பெட் பாட்டில் (பெட் என்பது தண்ணீர் பாட்டில் செய்யும் பிளாஸ்டிக், பாலியெஸ்டர் வகை) மறுசுழற்சி செய்யும் இடத்தைச் சுற்றி மண், கழிவுநீர், சேறு என்று 250 மாதிரிகள் எடுத்துச் சலித்ததில் ஒரு பாக்டீரியா சிக்கியது. 2016 மார்ச்சில் சயன்ஸ் இதழில் வந்தது. ஐடியோனெல்லா சகாயென்சிஸ் என்று ஊர்ப் பெயரையே வைத்துவிட்டார்கள்.

அதனிடம் இரண்டு நொதிகள் (என்சைம்) இருக்கின்றன. முதலாவது, பெட்டேஸ், பாலியெஸ்டர் சங்கிலியைத் துண்டு போடுகிறது. இரண்டாவது அந்தத் துண்டை டெரிப்தாலிக் அமிலமாகவும் எத்திலீன் கிளைக்காலாகவும் உடைக்கிறது. பெட் செய்ய ஆலையில் எந்த இரண்டு சரக்கை வாங்குகிறார்களோ, கடைசியில் கிடைப்பதும் அதே இரண்டுதான். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை, அத்தனை அழகான வேதியியல்.

ஆனால் வேகத்தைப் பாருங்கள். கட்டைவிரல் நகம் அளவு மெல்லிய படலம், 30 டிகிரி சூடு, ஆறு வாரம். அதுவும் பாட்டில் இல்லை. மூலக்கூறுகள் தாறுமாறாகக் கிடக்கும்படி செய்த மென்மையான பெட், அதில் படிகத்தன்மை 1.9 சதவீதம் மட்டும். பாட்டிலை ஊதும்போது பெட் இழுபட்டு, மூலக்கூறுகள் வரிசை கட்டி இறுகிவிடும். அங்கே நொதிக்குப் பல் இறங்காது.

மே 6, சற்று கழித்து

முக்கியமானதை விட்டுவிட்டு அழகைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். இதெல்லாம் பெட்டுக்கு. கேள்வி கேட்டவரிடம் கிடப்பது மல்ச்சிங் ஷீட், அது பாலித்தீன். கேரி பேக், பால் கவர், என் நர்சரியின் நாற்றுப் பை எல்லாமே பாலித்தீன் வகையறா.

பெட்டில் ஒவ்வொரு கண்ணியிலும் எஸ்டர் என்ற இணைப்பு உண்டு. இலையின் மேல்தோல், கொழுப்பு போன்றவற்றில் இருப்பதும் அதே மாதிரி இணைப்பு. அதை வெட்டும் நொதிகள் பெட் பிறப்பதற்குக் கோடி வருடம் முன்பே மண்ணில் இருந்தன. பாலித்தீனில் கார்பனோடு கார்பன், அதோடு இன்னொரு கார்பன் என்று ஆயிரக்கணக்கில் போய்க்கொண்டே இருக்கும், பிடிக்க ஓர் இடம் கிடையாது. மெழுகுவர்த்தியும் அதே மாதிரிச் சங்கிலிதான், ஆனால் இருபது முப்பது கார்பனில் முடிந்துவிடும். அதைச் சில பாக்டீரியாக்கள் சாப்பிட்டுவிடும். நீளம்தான் சிக்கல்.

மே 8

"நீங்கள் செய்து பார்த்தீர்களா, இல்லை படித்துவிட்டு மட்டும் பேசுகிறீர்களா?" என்று வேலந்தாவளத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். செய்தேன். கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் எனக்குத் தென்னை நாற்றங்கால், கொஞ்சம் காய்கறி. காசியாபாத்தின் தேசிய இயற்கை வேளாண்மை மையம் கொடுத்த வேஸ்ட் டீகம்போசர் இந்தப் பக்கம் பலருக்குப் பழக்கம். 20 ரூபாய் பாட்டில், 200 லிட்டர் தண்ணீர், 2 கிலோ வெல்லம், தினமும் கிளறல். ஓலை, மட்டை, சாணியெல்லாம் நன்றாக மக்கும், அதில் எனக்குக் குறை எதுவும் இல்லை. அது பிளாஸ்டிக்கையும் மக்க வைக்கும் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றியது. அந்த மையம் அப்படி எதுவும் சொல்லவில்லை, யாரோ சேர்த்துவிட்டது.

டிரம்மில் மல்ச்சிங் ஷீட் துண்டுகளை, அதில் ஒட்டியிருந்த வேரும் களையுமாக, முக்கிவைத்தேன். மழைக்காலம் முழுக்கக் கிடந்தது. வேர் போனது, களை போனது, மண் போனது. ஷீட்டை எடுத்துப் பார்த்தால் கடையிலிருந்து வாங்கிவந்த மாதிரி பளபள. வீட்டில் இரண்டு நாள் சிரித்தார்கள், "உங்க பாக்டீரியா நல்லா துவைக்குது" என்று.

உண்மையில் அது உபயோகமில்லாத விஷயம் இல்லை. மண் ஒட்டிய ஷீட்டை ஆக்ரிக்கடையில் (பழைய சாமான் வாங்கும் கடை) தொடமாட்டார்கள். சுத்தமாகக் கொண்டுபோனால் முகத்தையாவது பார்ப்பார்கள்.

மே 9

"எங்கள் கல்லூரியில் கேரி பேக்கை ஊறவைத்து எடை போட்டோம், குறைந்திருந்தது" என்று ஒரு மாணவி. நல்ல சோதனைதான், ஆனால் எடை குறைந்ததால் பாலித்தீன் போனது என்று ஆகாது. விலை மலிவான பைகளில் சுண்ணாம்புத்தூளைக் கலப்பார்கள். புளித்த கரைசல் மேலாக இருக்கும் தூளைக் கொஞ்சம் கரைத்துவிடும். சாயம் கழன்றிருக்கலாம், மெழுகுபோல் மிதக்கும் சிறு மூலக்கூறுகள் போயிருக்கலாம். பாக்டீரியா போடாத இன்னொரு ஜாடியில், அதே புளிப்பில், அதே பையை வைத்து ஒப்பிட்டீர்களா அம்மா? அது இல்லாமல் உங்கள் பேராசிரியர் ஒத்துக்கொள்ளக் கூடாது.

பாலித்தீனை எதுவுமே தொடாது என்று நான் சொல்லவில்லை. 2014-இல் சீனாவில் ஓர் ஆராய்ச்சி. நம் வீட்டில் கோதுமை மாவிலும் ரவையிலும் நூல் கட்டிக் கிடக்குமே, அந்த அந்துப்பூச்சியின் புழு, அதன் குடலிலிருந்து இரண்டு பாக்டீரியா எடுத்தார்கள். 60 நாளில் பாலித்தீன் படலத்தின் எடை ஒன்றில் 6 சதவீதம், இன்னொன்றில் 11 சதவீதம் அளவுக்குக் குறைந்தது. மொத்தப் படலமே 100 மில்லிகிராம்தான்.

மே 9, இரவு

"இப்படி ஒரு பாக்டீரியா பரவினால் என் வாட்டர் டேங்க், சொட்டுநீர்க் குழாயெல்லாம் என்ன ஆகும்?" என்று கோபாலபுரத்து அண்ணா. அண்ணா, உங்கள் குழாயைக் கடிக்க அணில் போதும், பாக்டீரியா வேண்டாம்.

சரி, கேள்வி நியாயமானதுதான். மரத்தை அரிக்கும் பூஞ்சை பல கோடி வருடமாக ஊரெங்கும் இருக்கிறது, ஆனாலும் நம் தாத்தா வீட்டு உத்தரம் நிற்கிறது. ஈரம், உணவு, சூடு எல்லாம் சேர்ந்தால்தான் நுண்ணுயிர் வேலை செய்யும்.

மே 13

புழு பற்றிக் கேட்டு மூன்று பேர். தேனீ வளர்ப்பவர்களுக்கு மெழுகு அந்துப்பூச்சியைத் தெரியும், பலவீனமான பெட்டிக்குள் புகுந்து அடையை நாசமாக்கும். ஸ்பெயினில் ஃபெடெரிகா பெர்டோக்கினி என்ற ஆய்வாளர், அவரும் தேனீ வளர்ப்பவர், பெட்டியைச் சுத்தம் செய்யும்போது புழுக்களை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்தார். திரும்பி வந்தபோது பையில் ஓட்டைகள். 2017-இல் கட்டுரையாக வந்தது: சுமார் 100 புழுக்கள், 12 மணி நேரத்தில், 92 மில்லிகிராம்.

கணக்குப் போடுங்கள். ஐந்து கிராம் பை ஒன்றை 100 புழு தின்று முடிக்க 27 நாள் ஓயாமல் மெல்ல வேண்டும். தவிர, மென்று துப்பியதா, செரித்ததா என்று உடனே தகராறு கிளம்பியது. அவர்கள் அடையாளமாகக் காட்டிய வேதியியல் தடம் புழுவின் உடற்கூழிலிருந்தே வந்திருக்கலாம் என்று வேறு ஆய்வாளர்கள் எழுதினார்கள். பெர்டோக்கினி விடவில்லை. புழுவின் எச்சிலில் இருக்கும் இரண்டு நொதிகள் அறைச் சூட்டிலேயே பாலித்தீனை ஆக்ஸிஜனேற்றுகின்றன என்று 2022-இல் அடுத்த கட்டுரை. அந்த விடாப்பிடி எனக்குப் பிடித்திருக்கிறது.

நம் வீட்டு மாவு அந்துப்பூச்சி இன்னொரு விஷயத்தையும் விளக்கும்: பாலித்தீன் கவரில் கட்டி வைத்த மாவில் புழு எப்படி நுழைகிறது என்று. ஓட்டை போட்டும் நுழையும்.

மே 14

யோசிக்க யோசிக்க எனக்கே ஒரு சங்கடம். பாக்டீரியா பாலித்தீனை முழுதாகச் சாப்பிட்டுச் செரித்துவிட்டது என்றே வையுங்கள். கார்பன் எங்கே போகும்? கொஞ்சம் அதன் உடம்பு, மிச்சம் கரியமில வாயு. மெதுவாக எரிப்பதற்குச் சமம். புகையும் டையாக்ஸின் என்ற நச்சும் இல்லை என்பது பெரிய விஷயம்தான், ஆனால் குப்பைமேட்டில் தெளித்துவிட்டுப் பிளாஸ்டிக்கை மாயமாக்குவது என்ற கனவு நினைக்கிற அளவுக்குச் சுத்தமானது இல்லை. மூலப்பொருளாகத் திரும்பப் பிடித்தால்தான் லாபம். அதற்குத் தொட்டி வேண்டும், வயல் உதவாது.

மே 17

தொட்டி பற்றி. 2012-இல், மறுபடியும் ஒசாகாதான், இலைக் குப்பை மட்கிலிருந்து ஒரு நொதியின் மரபணுவை எடுத்தார்கள். குப்பைக்குழியின் சூட்டைத் தாங்கும் நொதி. பிரான்ஸில் கார்பியோஸ் என்ற நிறுவனமும் துலூஸ் ஆய்வாளர்களும் அதை மாற்றியமைத்து 2020-இல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள்: 72 டிகிரி, 10 மணி நேரம், பெட்டில் 90 சதவீதம் உடைந்தது. ஆறு வாரத்துக்கு ஒரு நகம் எங்கே, இது எங்கே!

ரகசியம் சூட்டில் இருக்கிறது. 65, 70 டிகிரியைத் தாண்டினால் பெட் இளகும், சங்கிலிகள் அசையும், நொதி உள்ளே நுழையும். அதோடு பாட்டிலை முதலில் உருக்கி, சட்டென்று குளிர்வித்து, தூளாக அரைத்துத்தான் போடுகிறார்கள். இந்த வேலைக்குக் கரண்ட் செலவு உண்டு. டெக்ஸாஸில் 2022-இல் கணினிக் கற்றல் உதவியோடு செய்த இன்னொரு நொதி 50 டிகிரியிலேயே ஓடுகிறது.

கவனியுங்கள், இந்தத் தொட்டிகளில் பாக்டீரியாவே இல்லை. நொதியைத் தனியாகத் தயாரித்து ஊற்றுகிறார்கள். பிரான்ஸில் லாங்லாவில் என்ற ஊரில் ஆண்டுக்கு 50,000 டன் ஆலை போட கார்பியோஸின் திட்டம், பணம் திரட்டுவதில் தாமதம்.

என் கருத்து: பாட்டிலுக்கு நமக்கு இது வேண்டாம். பெட் பாட்டில் நம் ரோட்டில் கிடப்பதில்லை, கிடந்தால் பத்து நிமிடத்தில் யாராவது பொறுக்கிவிடுவார்கள். ஆக்ரிக்கடையில் அதற்கு விலை இருக்கிறது. விலை உள்ளதைத் தின்னும் நொதி ரெடி, விலை இல்லாததைத் தின்னுவது இன்னும் ஜாடியில். இதைத்தான் முதலிலிருந்து சொல்ல வந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

மே 18

நேற்று எழுதியதை இன்று பாதி திரும்ப வாங்கிக்கொள்கிறேன். திருப்பூரில் வேலை பார்க்கும் மச்சான் போனில் கேட்டான்: "பாட்டில் சரி, துணி?"

துணியை யோசிக்கவே இல்லை. உலகில் செய்யும் பெட்டில் பாதிக்கு மேல் பாட்டிலாகப் போவதில்லை, பாலியெஸ்டர் நூலாகப் போகிறது. பழைய பாலியெஸ்டர் சேலை, ஸ்போர்ட்ஸ் பனியன், ஸ்கூல் யூனிஃபார்ம் எதையும் ஆக்ரிக்காரர் வாங்கமாட்டார். சாயம், பட்டன், ஜிப், பருத்திக் கலப்பு. உருக்கினால் பருத்தி கருகும். நொதிக்குக் கலப்பு ஒரு பிரச்சினை இல்லை: பாலியெஸ்டரை மட்டும் வெட்டும், பருத்தியைத் தொடாது. ஆனால் நூலும் பாட்டில் மாதிரி இழுபட்டு இறுகிய பெட்தான், அதை முதலில் இளக்குவது தனி வேலை.

மே 20

திருப்பூர்க்காரர்கள் வந்துவிட்டார்கள், இனி பேச்சு அவர்களுடையது. ஒரு சாயப்பட்டறைக்காரர் கேட்டது: கழிவு என்ன வரும்?

நொதி பெட்டை உடைக்க உடைக்க அமிலம் சேரும், தொட்டி புளிக்கும், நொதி படுத்துவிடும். அதனால் காஸ்டிக் சோடா ஊற்றிச் சமன்படுத்துகிறார்கள். பிறகு டெரிப்தாலிக் அமிலத்தைப் பிரிக்கக் கந்தக அமிலம். இரண்டும் சேர்ந்தால் சோடியம் சல்பேட் உப்பு, கொஞ்சநஞ்சம் இல்லை, டன் கணக்கில். இந்த முறையைக் குறை சொல்பவர்கள் முதலில் கைவைப்பது இங்கேதான்.

அவர் பதில் இரண்டே வரி: "சோடியம் சல்பேட்டா? அதைத்தான் நாங்கள் சாயம் ஏற்ற மூட்டை மூட்டையாக வாங்குகிறோம்."

நொய்யலில் உப்பு ஏறி, ஒரத்துப்பாளையம் அணை பாழாகி, 2011-இல் உயர்நீதிமன்ற உத்தரவில் சாயப்பட்டறைகளை மூடி, பிறகு கழிவுநீரை முழுக்க மீட்டெடுத்து உப்பையும் திரும்பப் பயன்படுத்தக் கற்றுக்கொண்ட ஊர் அது. வேறு எங்கும் தலைவலியாக இருக்கும் உப்பு அங்கே சரக்கு. ஆனால் சாயத்துக்குப் போகும் உப்பில் சுத்தம் முக்கியம், பழைய துணியிலிருந்து கழன்ற சாயம் கலந்திருந்தால் தொல்லை. அதைப் பட்டறைக்காரர்கள்தான் சொல்ல வேண்டும்.

மே 25

"மக்காச்சோளப் பை" பற்றி ஒரு கேள்வி. பலவும் பிஎல்ஏ, பிபிஏடி என்ற இரண்டு மக்கும் பிளாஸ்டிக்குகளின் கலவை. எஸ்டர் இணைப்பு உள்ளதால் நுண்ணுயிருக்குப் பிடி கிடைக்கும். ஆனால் ஐஎஸ்ஓ 17088 என்ற தரக் குறியீடு 58 டிகிரி வரை சூடேறும் உரக்கிடங்கை மனதில் வைத்து எழுதியது. வாய்க்காலில் எறிந்தால் அது நெடுநாள் அங்கேயே இருக்கும். இதைப் பெட் பாட்டிலோடு சேர்த்துப் போட்டால் மறுசுழற்சியும் கெடும்.

ஜூன் 1

பேச்சு கேரள-தமிழ்நாட்டு எல்லைச் சண்டைக்கு வந்துவிட்டது, வரத்தான் செய்யும். 2024 டிசம்பரில் கேரள மருத்துவக் கழிவைத் திருநெல்வேலி கிராமங்களில் கொட்டியதும், பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டு லாரிகளில் திரும்ப அள்ளிப்போனதும் எல்லோருக்கும் தெரியும். கொழிஞ்சாம்பாறைத் தமிழர்களான எங்களுக்கு இதில் இரண்டு பக்கமும் திட்டு. அந்தப் பக்கம் போனால் "கேரளாக்காரன் குப்பை", இந்தப் பக்கம் "பாண்டிக்காரன்".

எங்கள் வீட்டுக்கு மாதம் ஒருமுறை ஹரித கர்ம சேனா (கேரளத்தில் வீடு வீடாகப் பிளாஸ்டிக் சேகரிக்கும் பெண்கள் குழு) சேச்சிகள் வருகிறார்கள், 50 ரூபாய். கழுவிக் காயவைத்த பிளாஸ்டிக் மட்டும். அந்தப் பணத்துக்கு வாசலில் சண்டை பிடிக்கும் வீடுகளும் உண்டு. அப்படி ஒரு வீட்டு அண்ணன்தான் வாட்ஸ்அப் குழுவில் "பாக்டீரியா வந்துவிட்டது, இனி கவலையில்லை" என்று வீடியோ அனுப்புகிறார்.

சேச்சி ஒருவரிடம் எது அதிகம் தள்ளுபடி ஆகும் என்று கேட்டேன். சிப்ஸ் பாக்கெட், பிஸ்கட் உறை என்றார். பாலித்தீன், அலுமினியப் பூச்சு, பெட் என்று அடுக்கடுக்காக ஒட்டியது. அப்படித் தள்ளுபடியாவது சிமெண்ட் ஆலைக்கு எரிக்கப் போகிறது. கேரி பேக்கும் பால் கவருமாவது மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் காட்டிய வழியில் தார் ரோட்டுக்குப் போகலாம்.

ஜூன் 2

பால் கவர் என்றதும் ஞாபகம் வந்தது. மூலையைத் துண்டாக வெட்டி எறியாதீர்கள். ஒரு கீறல் போட்டு ஊற்றுங்கள், அந்தத் துண்டு கவரோடே இருக்கட்டும். தனியாக விழுந்தால் எந்தச் சேச்சியும் பொறுக்க முடியாது, மாடு மேயும் இடத்துக்குத்தான் போகும்.

ஜூன் 7

மச்சான் மறுபடி. "லெக்கிங்ஸ் மாதிரி எலாஸ்டேன் கலந்த துணி?" எலாஸ்டேன் பாலியூரித்தேன் வகை, இந்த நொதி அதைச் சீந்தாது. பாலியெஸ்டர் கரைந்த பிறகு ரப்பர் நூல் சிக்கலாகத் தொட்டியில் மிதக்கும், வடிகட்டித்தான் எடுக்க வேண்டும். துணி வெட்டும்போது மிஞ்சும் கட்டிங் வேஸ்ட்டில் எது எந்தத் துணி என்று மேஜையிலேயே தெரியும், அங்கேயே பிரித்துப் போடுவது சுலபம். உடுத்திப் பழசான துணி வந்தால் லேபிள்கூட இருக்காது. அதனால் யாராவது அங்கே சின்னதாக ஒரு தொட்டி வைத்துப் பார்ப்பதென்றால் கட்டிங் வேஸ்ட்டில் தொடங்கச் சொல் என்றேன். "முதலாளியிடம் சொல்லிப் பார்க்கிறேன், முதலில் காஸ்டிக் சோடா விலை கேட்பார்" என்றான்.